செயலியில் ரூபா தப்பாகத் தெரிந்தால் எங்கே தேடுவது

இலங்கை மலையகத்தில் ஹட்டனில் இருந்துகொண்டு கடைக் கணக்கு, தேயிலைக் கொழுந்துக் கணக்கு, விடுதி முன்பதிவு என்று சின்னச் சின்னச் செயலிகள் செய்து கொடுப்பது என் வேலை. அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: "தம்பி, காசு சரியா காட்டல." அந்த ஒரு வரிக்குள் ஏழெட்டுப் பிழைகள் ஒளிந்திருக்கும். அதனால் இப்போதெல்லாம் போனைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்பது "எப்படித் தப்பாகத் தெரிகிறது" என்றுதான். அந்த வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எந்தத் தலைப்போ அதற்கு நேரே போய்விடலாம்.

போவதற்கு முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுக் காசு என்பது தொகையோடு சேர்ந்தே வரவேண்டிய தகவல். அதை எப்படி எழுதிக் காட்டுவது என்பது மட்டும்தான் லோகேலின் வேலை, அதாவது போனில் இருக்கும் மொழி-நாடு அமைப்பின் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் கீழே உள்ளவற்றில் பாதி நடக்கிறது.

அறிகுறி 1: இலங்கை ரூபாவுக்கு இந்தியக் குறி வருகிறது

பலசரக்குக் கடை முதலாளி ஒருவர் இதைத்தான் முதலில் கொண்டுவந்தார். பில்லில் ₹ 1,350 என்று இருந்ததாம். வாங்க வந்தவர் "அண்ணே, இது இந்தியக் காசா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். சிரிப்போடு போனது நல்ல காலம். இந்திய ரூபாய் ஒன்று நம் ரூபா மூன்றுக்கும் மேல் போகிற நாளில், வெளியூருக்கு அனுப்பும் விலைப்பட்டியலில் இந்தக் குறி வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முதலில் போனின் மொழியைப் பாருங்கள். அமைப்புகளில் "தமிழ்" என்று தொட்டதும் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடு கேட்கும். பட்டியலில் முதலில் நிற்பதைத் தொட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இலங்கை என்று மாற்றியதும் குறி சரியாகிவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் வேலை முடியவில்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் போனையும் வாங்கித் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது நீங்கள் எழுதிய கோட், அதாவது நிரல். தொகையைக் குறியும் கமாவும் போட்டு எழுதித் தரும் நாணய வடிவமைப்பியை உருவாக்கும் இடத்தில் லோகேலை மட்டும் கொடுத்துவிட்டு நாணயத்தைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். அப்போது அது லோகேலின் நாட்டைப் பார்த்து நாணயத்தைத் தானே ஊகிக்கும். இலங்கை ரூபாவுக்கான எல்கேஆர் (LKR) என்ற மூன்றெழுத்துக் குறியீட்டை நீங்களே கொடுங்கள். கோட்லின், ஸ்விஃப்ட் இரண்டிலும் இது ஒரு வரி வேலை.

ஃப்ளட்டரில் செய்கிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அதன் இன்டெல் (intl) பொதியில் தமிழுக்கு ஒரே தரவுதான், அதுவும் இந்தியத் தமிழுக்கானது. நீங்கள் இலங்கை என்று கேட்டாலும் அது பொதுத் தமிழுக்கு இறங்கிவிடும். இயல்பு நாணயம் இந்திய ரூபாய். எனவே அங்கே குறி, தசம இலக்கங்கள் இரண்டையும் கையால் எழுதியே கொடுக்க வேண்டும். போனில் என்ன அமைப்பு மாற்றினாலும் இது சரியாகாது.

எந்தக் குறியைக் கொடுப்பது? என் தெரிவு "ரூ." தான். ஒருமுறை ஆர்வக்கோளாறில் ௹ என்ற பழைய தமிழ் ரூபாய்க் குறியைப் போட்டேன். யூனிகோடில் அதற்கு இடம் உண்டு, பார்க்கவும் அழகு. ஆனால் தலவாக்கலையில் அதைப் பார்த்த ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட அது என்னவென்று தெரியவில்லை. அன்று மாலையே எடுத்துவிட்டேன்.

அறிகுறி 2: கமா வேறு இடத்தில் விழுகிறது

1,234,567.00 என்று வரவேண்டியது 12,34,567.00 என்று வருகிறது.

இது வழு இல்லை. செயலி சொன்னதைத்தான் செய்கிறது. தமிழ் லோகேல் இந்திய முறையில் கடைசி மூன்று இலக்கத்துக்குப் பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்கும். மலேசியத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்கும் மூன்று மூன்றாகப் பிரிக்கும் விதி தனியாக எழுதப்பட்டிருக்கிறது. நான் சோதித்த போன்களில் இலங்கைத் தமிழ் இந்திய முறையையே எடுத்துக்கொண்டது. அதே போனைச் சிங்களத்துக்கு மாற்றினால் மூன்று மூன்றாக வரும். ஒரே கடையில் முதலாளியின் போனில் ஒரு மாதிரியும் வேலை செய்யும் பையனின் போனில் இன்னொரு மாதிரியும் தெரிய இதுதான் காரணம்.

நம் ஊரில் இது ஒரு வேடிக்கையான நிலை. வாய் லட்சம், கோடி என்றுதான் பேசும். வங்கிப் புத்தகமும் சம்பளச் சீட்டும் மூன்று மூன்றாகத்தான் எழுதும். பேச்சைப் பார்த்து வடிவத்தைத் தீர்மானிக்காதீர்கள், கையில் இருக்கும் தாளைப் பாருங்கள். நான் எல்லா மொழிக்கும் #,##0.00 என்ற வடிவத்தையே கட்டாயமாகக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு மொழியில் ஒரே கணக்கைப் பார்க்கிற இடத்தில் மொழிக்கு ஒரு கமா என்று வைத்தால் சண்டைதான் வரும்.

வடிவத்தைக் கொடுத்த பிறகும் கமா இருக்கவேண்டிய இடத்தில் புள்ளியோ இடைவெளியோ வருகிறதா? வடிவத்தில் உள்ள கமா ஒரு இடக்குறி மட்டுமே. அங்கே எந்த எழுத்தை அச்சிடுவது என்பதை லோகேல்தான் சொல்கிறது. ஜெர்மன் மொழியில் உள்ள போனில் 1.234.567,00 என்று வரும். சுவிஸ் ஜெர்மனில் கமாவின் இடத்தில் மேற்கோள் குறி நிற்கும். வடிவத்தோடு லோகேலையும் சேர்த்துக் கட்டிப்போட்டால்தான் இது நிற்கும்.

கடைக்காரர்கள் சிலர் 1,350/= என்றுதான் வேண்டும் என்பார்கள். சதம் இருந்தால் 1,350/50. கேட்டால் செய்து கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அதை வடிவமைப்பியிடம் எதிர்பார்க்காமல் பில் அச்சிடும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு செயல்பாடு எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: பெட்டி, கேள்விக்குறி, புரியாத எழுத்து

இது திரையிலா, தாளிலா?

திரையில் என்றால்

பெரும்பாலும் பழைய போனின் எழுத்துருதான் காரணம். ₹ 2010 இல்தான் யூனிகோடுக்குள் வந்தது. அதற்கு முந்திய எழுத்துருவில் அது வெறும் பெட்டி. "ரூ." என்று மாற்றினால் தீர்ந்தது.

குறி சரியாக இருந்து, இலக்கங்களுக்கு நடுவில் மட்டும் பெட்டி வருகிறதா? அப்படியானால் போன் பிரெஞ்சு மொழியில் இருக்கக்கூடும். அங்கே ஆயிரத்தைப் பிரிக்க கமா கிடையாது. யூனிகோட் எண் 8239 கொண்ட ஒடுங்கிய இடைவெளியைப் போடுகிறார்கள். பழைய எழுத்துருவுக்கு அது தெரியாது. பாரிசில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட பழைய போன்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

தாளில் என்றால்

58 மில்லிமீட்டர் புளூடூத் பிரிண்டர்தான் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது. "எல்கேஆர்" என்ற ஆங்கில எழுத்துகளுக்கும் தொகைக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடும், தலையில் கீறல் போட்ட ஓர் ஆங்கில எழுத்தும் அச்சாகிறது. திரையில் பார்த்தால் அந்த இடம் வெறும் இடைவெளி. இரண்டு நாள் பிரிண்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். குறி எழுத்தாக இருந்தால் அதற்கும் இலக்கத்துக்கும் நடுவில் வடிவமைப்பி தானாக ஓர் இடைவெளி போடும். அது சாதாரண இடைவெளி இல்லை. வரி முறிந்தாலும் பிரியாமல் ஒட்டி நிற்கிற, யூனிகோட் எண் 160 கொண்ட இடைவெளி. எழுத்தைப் பைட்டாக்கி அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் அது இரண்டு பைட் ஆகிறது. கோட்பேஜ் 437 என்ற பழைய எழுத்து அட்டவணையில் ஓடுகிற பிரிண்டர் அந்த இரண்டையும் இரண்டு தனித்தனி எழுத்தாகப் படித்து அச்சடிக்கிறது.

இதற்கான பரிசோதனை எளிது. வடிவமைத்த சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் லாகில் அச்சிடுங்கள். 32 என்று வரவேண்டிய இடத்தில் 160 வந்தால் அதுதான். பிரிண்டருக்கு அனுப்பும் முன் 160 ஐயும் 8239 ஐயும் சாதாரண இடைவெளியாக மாற்றிவிடுங்கள். உங்கள் தானியங்கிச் சோதனைகளில் "இரண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கிறது, ஏன் தோற்கிறது" என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் அங்கேயும் இதே இடைவெளிதான்.

"ரூ." என்பதே குப்பையாக அச்சானால் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்துரு இல்லை. மலிவு பிரிண்டர்களில் பொதுவாக இருக்காது. பில்லை முழுவதும் படமாக வரைந்து அனுப்பலாம். மெதுவாக அச்சாகும், ஆனால் அச்சாகும். இல்லையென்றால் பில்லில் மட்டும் ஆங்கில எழுத்தில் ரூபாவைச் சுருக்கிப் போட்டுவிடலாம்.

தொகைகள் வலது ஓரத்தில் நேராக நிற்காமல் ஒரு எழுத்து முன்னே பின்னே போனால் எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு "ரூ" ஒரே எழுத்து. கணினிக்கு அது ர, ஊகாரக் குறி என்று இரண்டு. ஒரு வரிக்கு 32 எழுத்து என்று கணக்குப் போட்டு இடைவெளி நிரப்பினால் ஒன்று உதைக்கும். தலைப்பில் ஒருமுறை "ரூபா" என்று போட்டுவிட்டு வரிசைகளில் இலக்கத்தை மட்டும் விடுவதே நல்லது.

ஆங்கில எழுத்தும் இலக்கமும்கூடக் குப்பையாக வந்தால் கோட்டைத் தொடாதீர்கள். மின்கலத்தை முழுதாக ஏற்றி, வேறொரு போனிலிருந்து அச்சிட்டுப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் பிரிண்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி 4: கூட்டினால் ஒரு ரூபா இடிக்கிறது

எல்லாப் புகாரிலும் இதற்குத்தான் நான் பயப்படுவேன். குறி தப்பாக இருந்தால் சிரிப்பார்கள். ஒரு ரூபா குறைந்தால் கொப்பியை எடுத்துக்கொண்டு வருவார்கள். வரத்தான் வேண்டும். நிறுவையில் ஏமாந்த கதை இங்கே எல்லாருக்கும் ஒன்று இருக்கிறது.

முதல் பார்வை: எங்கே சுருட்டுகிறீர்கள், அதாவது சதத்தை விட்டு முழு ரூபாவாக்குகிறீர்கள்?

ஒரு பேச்சுக்குக் கொழுந்து கிலோ 187.50 என்று வைத்துக்கொள்வோம். சிறு தோட்டக்காரர் ஒருவர் மூன்று நிறுவையில் பதினைந்து பதினைந்து கிலோ கொடுக்கிறார். ஒவ்வொரு நிறுவைக்கும் 2,812.50. சதம் வேண்டாம் என்று செயலியில் தசமத்தைப் பூச்சியம் ஆக்கியிருக்கிறீர்கள்.

அண்ட்ராய்டில் ஜாவாவின் வடிவமைப்பி சரி பாதியை இரட்டை எண் பக்கம் சுருட்டும், எனவே 2,812. ஜாவாஸ்கிரிப்டில் ஓடும் சர்வர் மேல் பக்கம் சுருட்டும், எனவே 2,813. போனில் மூன்று வரியையும் கூட்டினால் 8,436. சர்வரில் கூட்டினால் 8,439. முழுத் தொகையை முதலில் கூட்டி, கடைசியில் சுருட்டினால் 8,438. ஒரே கொழுந்துக்கு மூன்று கணக்கு!

வடிவமைப்பி காட்டுவதற்கு மட்டுமே. கணக்கு முடிந்த பிறகு கடைசியாக ஒருமுறை அதைக் கூப்பிடுங்கள். வடிவமைத்த சரத்தை மறுபடி எண்ணாக்கிக் கூட்டுகிற கோட் எங்காவது இருந்தால் அதை முதலில் நீக்குங்கள். அப்புறம் போனிலும் சர்வரிலும் சுருட்டும் முறையைப் பெயர் சொல்லி ஒன்றாக்குங்கள். இயல்பு முறையை நம்ப வேண்டாம்.

இரண்டாம் பார்வை: தொகையை எதில் வைத்திருக்கிறீர்கள்?

தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் டபுள் வகையில் வைத்திருந்தால் அங்கேதான் ஓட்டை. 4.35 ரூபாவைச் சதமாக்க நூறால் பெருக்கினால் 434.99999999999994 வரும். அதை அப்படியே முழு எண்ணாக்கினால் 434. ஒரு சதம் போயிற்று. இன்று சதத்துக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லைதான். ஆனால் மாதக் கடைசியில் நானூறு வரி கூடும்போது அது ரூபாவாகி நிற்கும்.

தொகையைச் சதத்தில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது தசமத்தை அப்படியே வைக்கும் பிக்டெசிமலில் வையுங்கள். பிக்டெசிமலை டபுளிலிருந்து உருவாக்கினால் அதே குப்பை உள்ளே போய்விடும். சரத்திலிருந்து உருவாக்க வேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

சம்பளக் கணக்கு என்றால் சீக்கிரமே. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபா ஆனது. அதன் மேல் கணக்கிட்டு ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளரிடமிருந்து 8 வீதம், தொழில்தருநரிடமிருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவரிடமிருந்தே இன்னொரு 3 வீதம் என்று போகிறது. அந்தச் சம்பளத்தில் 23 பேர், அதாவது 23 நாள் வேலை, போட்டால் 31,050, அதில் 8 வீதம் 2,484. இது நேராக வருகிறது. அரைப்பேர் (அரை நாள் வேலை), மேலதிகக் கொழுந்து, கைக்காசு (கையில் காசாகக் கொடுக்கும் வேலை) எல்லாம் கலந்த மாதத்தில் நேராக வராது. எதன் மேல் வீதம் போடுவது, எந்த இடத்தில் சுருட்டுவது என்பதைக் கணக்காளர் எழுத்தில் தரட்டும். நம் ஊகத்தைக் கோட்டில் எழுதக் கூடாது. டபுளில் சேமித்த பழைய தரவு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது என்றால் அதை மாற்றுவதற்கும் தரவுத்தளம் தெரிந்த ஒருவரை வையுங்கள். நான் ஒருமுறை தனியாகச் செய்து, மூன்று இரவு தூங்கவில்லை.

அறிகுறி 5: தட்டச்சிட்ட தொகை நூறு மடங்காகிறது, அல்லது செயலி நின்றுவிடுகிறது

எல்லவில் உள்ள ஒரு விடுதிக்கான செயலி. ஜெர்மனியிலிருந்து வந்தவர் தன் போனில் 1250,50 என்று முற்பணம் போட்டார். சர்வருக்கு 125050 போயிற்று. நல்ல வேளை, வங்கி அட்டையின் எல்லை அதைத் தடுத்தது.

கோட்டில் "கமாவை எல்லாம் நீக்கு" என்று ஒரு வரி இருக்கும். தேடிப் பாருங்கள், நிச்சயம் இருக்கும். நமக்குக் கமா ஆயிரம் பிரிப்பது. ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் அது தசமப் புள்ளி. அந்த வரியை எடுத்துவிட்டு, எந்த லோகேலில் தட்டச்சு நடந்ததோ அதே லோகேலின் எண் வடிவமைப்பியால் படியுங்கள். பிறகு படித்த தொகையைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டி "இவ்வளவுதானே?" என்று கேளுங்கள். எந்தச் சாமர்த்தியமான கோட்டையும்விட அந்த ஒரு கேள்வி அதிகம் காப்பாற்றியிருக்கிறது.

செயலி நின்றுவிடுகிறது என்றால் "1,350" என்ற சரத்தை நேராக எண்ணாக்கப் பார்த்திருப்பீர்கள். கமாவைக் கண்டதும் அது மறுத்துவிடும். சில அண்ட்ராய்ட் போன்களில் எண் விசைப்பலகை கமாவை ஏற்கவே ஏற்காது. அப்போது பயனர் "தட்டினா விழல" என்பார். ரூபாவுக்கும் சதத்துக்கும் இரண்டு பெட்டி வைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை. அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

அரபு மொழியில் வைத்த சில போன்களில் இலக்கங்களே அரபு வடிவத்தில் வரும். சர்வர் அதைப் பார்த்து முழிக்கும். சர்வருக்குப் போவது எதுவானாலும் எந்த மொழியையும் சாராத ரூட் லோகேலில் எழுதுங்கள், அல்லது வெறும் முழு எண்ணாக அனுப்புங்கள்.

அறிகுறி 6: தினார் பத்து மடங்கு, யென் நூறில் ஒரு பங்கு

குவைத்தில் வேலை செய்யும் தாய்மார் அனுப்பும் பணத்தைக் குறித்துவைக்க ஒரு செயலி கேட்டார்கள். 85.750 தினார் என்பது 857.50 என்று தெரிந்தது. பார்த்த பிள்ளைக்கு ஒரு நிமிடம் சந்தோஷம், பிறகு அழுகை.

காரணம் ஒன்றுதான்: சில்லறைத் தொகையை எங்கும் நூறால் வகுத்தது. குவைத் தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ், மூன்று தசம இலக்கம். பஹ்ரைன் தினாருக்கும் ஓமான் ரியாலுக்கும் மூன்று இலக்கம்தான். ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லை. எத்தனை இலக்கம் என்று நாணயத்தையே கேட்கும் வசதி ஜாவாவில் உண்டு; அதைக் கேட்டு வகுங்கள், நூறு என்று எழுதிவைக்காதீர்கள்.

இணையத்தில் பணம் வாங்கித் தரும் கட்டண நுழைவாயிலிலிருந்து (பேமெண்ட் கேட்வே) தொகை வருகிறது என்றால், அவர்கள் சில்லறையில் அனுப்புகிறார்களா முழு அலகில் அனுப்புகிறார்களா என்று ஆவணத்தைப் பாருங்கள். ஆவணம் தெளிவாக இல்லாவிட்டால் அவர்களின் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு தினாரை அனுப்பிப் பார்த்து ஊகிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அது யாரோ ஒருவரின் காசு.

அறிகுறி 7: மொழியை மாற்றினாலும் தொகை பழைய மாதிரியே

செயலியை முழுதாக மூடித் திறந்து பாருங்கள். சரியாகிவிட்டால், வடிவமைப்பியைத் தொடக்கத்தில் ஒருமுறை உருவாக்கி நிலையான மாறியில் வைத்திருக்கிறீர்கள். மொழி மாறும்போது அதையும் புதிதாக உருவாக்குங்கள்.

மூடித் திறந்தும் மாறவில்லையா? செயலிக்குள் மொழி தெரிவு செய்யும் பக்கம் தனியாக இருந்தால், எழுத்துகள் அதைப் பார்க்கும், வடிவமைப்பி போனின் மொழியைப் பார்க்கும். தெரிவு செய்த லோகேலை வடிவமைப்பிக்குக் கையால் கொடுக்க வேண்டும்.

ரியாக்ட் நேட்டிவில், ஐபோனில் சரியாக வந்து பழைய அண்ட்ராய்டில் மட்டும் கமாவே இல்லாமல் 1234567 என்று வந்தால், அந்தக் கட்டமைப்பின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தில் மொழித் தரவு இல்லை. நீங்கள் கொடுக்கும் லோகேலை அது சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழைச் செய்தியும் வராது. பதிப்பை உயர்த்துவதுதான் முறை. உயர்த்த முடியாத பழைய திட்டம் என்றால், மூன்று மூன்றாகக் கமா போடும் பத்து வரிச் செயல்பாட்டை எழுதிச் சமாளித்துவிடலாம். நான் மஸ்கெலியாவில் ஒரு கடைக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன், இன்னும் ஓடுகிறது.